ஜன்னல் சிப் வாசிப்பு: பெயரில்லாத ஒரு டிவி கேம் கேசட்டின் பட்டறைக் குறிப்பு

மேசையில் இருப்பது நின்டெண்டோவின் 8 பிட் டிவி கேம் இயந்திரத்துக்கான 60 முள் கேசட் பலகை. கூடு இல்லை, நிறுவனப் பெயர் அச்சும் இல்லை. 32 கால் பீங்கான் சிப் ஒன்று நேரடியாக ஈயம் வைத்துப் பற்றப்பட்டிருக்கிறது. அதன் முதுகில் பழுத்த கடதாசி லேபல், அதில் பேனாவால் எழுதிய ‘2’, பக்கத்தில் மங்கிப்போன ஏதோ ஓர் எழுத்து. லேபலின் ஓரத்தைத் தூக்காமலேயே அடியில் வட்டக் கண்ணாடி ஜன்னல் இருப்பது தெரிகிறது. அதாவது இது ஈப்ரோம்: மின்சாரத்தால் எழுதி, புற ஊதா ஒளியால் அழிக்கும் வகை.

ஜன்னலைக் கண்டதும் ‘புரோட்டோடைப்’ (வெளியீட்டுக்கு முந்திய மாதிரி) என்று துள்ள வேண்டாம். கொழும்பில் 90களில் விற்ற டிவி கேம் கேசட்டுகளில் பல, ஆட்டத்தைத் திருட்டாகப் பிரதியெடுத்தவர்கள் செய்தவை. அவர்களும் சிறு தொகைக்கு ஈப்ரோம்தான் பாவித்தார்கள். ஆட்டம் செய்த நிறுவனம் சஞ்சிகைக்கும் அனுமதி பெறவும் அனுப்பிய மாதிரிக் கேசட்டிலும் அதே ஈப்ரோம்தான். காரணம் ஒன்றே. மாஸ்க் ரோம் என்பது தொழிற்சாலையிலேயே தரவைப் பொறித்து வரும் சிப், அதைப் பத்து இருபதாகச் செய்விக்க முடியாது. ஆகவே மாதிரியா திருட்டுப் பிரதியா என்பதை ஜன்னல் சொல்லாது, உள்ளே இருக்கும் தரவுதான் சொல்லும். மின்னூட்டமாகச் சேமித்த அந்தத் தரவு ஆண்டுக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கிறது என்பதால்தான் இந்த வேலையில் அவசரமும் இருக்கிறது, அவசரப்படக்கூடாது என்பதும் இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்குத் தூரம் போகத் தேவையில்லை. நின்டெண்டோவின் ‘மதர்’ ஆட்டம் ஜப்பானில் 1989இல் வந்தது. அதன் ஆங்கிலப் பதிப்பு 1990இல் முடிந்தும் கடைக்கு வரவில்லை. ஒரு மாதிரிக் கேசட்டிலிருந்து 1998இல் தரவு வெளியே எடுக்கப்பட்டது, நின்டெண்டோ அதை முறைப்படி வெளியிட்டதோ 2015இல்தான். நின்டெண்டோவின் 8 பிட் இயந்திரத்துக்கான ‘சிம்சிட்டி’ 1991இல் காட்டிவிட்டுக் கைவிடப்பட்டது. 2017இல் இரண்டு கேசட்டுகள் வெளிப்பட்டன, 2018 டிசம்பரில் அதன் தரவு பொதுவுக்கு வந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அந்தச் சிப்புகளை யாராவது வெயிலில் வைத்திருந்தால் கதை அத்தோடு சரி.

தொடுவதற்கு முன்

இருபக்கமும் 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்தாயிற்று. லேபலைத் தனியாக, பக்கவாட்டு வெளிச்சத்தில் கைபேசியால் நாலு கோணத்தில் படம். மங்கிய மை நேர் வெளிச்சத்தில் தெரியாது, சாய்ந்த வெளிச்சத்தில் பேனா அழுத்திய பள்ளம் தெரியும். இங்கே ‘2’க்குப் பக்கத்தில் இருந்தது ஒரு கோடு மட்டுமே. எழுத்தல்ல.

லேபலை உரிக்கவே கூடாது. அது சிப்பின் ஒரே பிறப்புச் சான்றிதழ், அதோடு ஜன்னலின் கதவும் அதுதான். 2716 என்ற பழைய ஈப்ரோமின் தரவுத்தாளில் எழுதியிருப்பது இது: அறை டியூப்லைட் வெளிச்சம் தொடர்ந்து பட்டால் அழிய ஏறத்தாழ 3 ஆண்டு, நேரடி வெயிலென்றால் ஏறத்தாழ 1 வாரம். கொழும்பு வெயிலில் மொட்டை மாடிச் சுவரில் வைத்துப் படம் பிடிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். லேபல் தானாக விழுந்துவிட்டிருந்தால், ஏசி திருத்துகிறவர்கள் குழாயில் சுற்றும் அலுமினிய டேப்பில் ஜன்னலளவு துண்டு வெட்டி, இடையே ஒரு கடதாசி வைத்து ஒட்டுங்கள். டேப் கால்களில் முட்டக்கூடாது, அது மின்சாரம் கடத்தும். கறுப்பு பிளாஸ்டிக் டேப் இந்தச் சூட்டில் சில மாதத்தில் பிசின் கக்கி, எடுக்கும்போது லேபலையும் கூட்டிக்கொண்டு வரும்.

சிப்புகளின் மேல் நாலு இலக்கத் திகதிக் குறி இருக்கும். முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். இந்தப் பலகையில் ஈப்ரோம் 9014, அதாவது 1990இன் 14ஆம் வாரம். பக்கத்தில் நிற்கும் 74எல்எஸ்32 சிப்பில் 9126. ஆகவே பலகை 1991 நடுப்பகுதிக்கு முன்னர் பூட்டப்பட்டிருக்க முடியாது. ஈப்ரோம் திரும்பத் திரும்ப அழித்து எழுதக்கூடியது என்பதால் அதன் திகதி ‘இதற்கு முந்தியதல்ல’ என்று மட்டும் சொல்லும். விற்பனைக்காரர்கள் ஈப்ரோம் திகதியைக் காட்டி விலை ஏற்றுவதைக் கேட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பலகையைப் படித்தல்

பற்றியிருப்பவை நாலே நாலு: 27சி010 ஈப்ரோம், பேங்க் மாற்றும் 74எல்எஸ்161, 74எல்எஸ்32 சிப்புகள், 6264 வகை 8 கிலோபைட் ராம் (தற்காலிக நினைவகம்). இந்தக் கூட்டணி யூஎன்ரோம் என்கிற வடிவத்துக்குரியது. 128 கிலோபைட் நிரல் 16 கிலோபைட் வீதம் 8 பேங்காக (துண்டாக) பிரியும். கடைசி பேங்க் எப்போதும் மேல் பாதியில் நிலையாக நிற்கும், மற்றவை கீழ்ப் பாதியில் மாறி மாறி வரும். படங்களுக்குத் தனி ரோம் இல்லை. அவை நிரலுக்குள்ளேயே கிடந்து, ஆட்டம் ஓடும்போது ராமுக்கு நகரும். ஒரே சிப்பை வாசித்தால் முழு ஆட்டமும் கையில் என்பதால், பழகுவதற்கு இது நல்ல பலகை.

திரைக்கான நினைவகம் செங்குத்தாகவா கிடையாகவா பிரதிபலிக்கிறது (ஒரே பகுதி இரண்டு இடங்களில் தெரிகிறது) என்பதையும் இப்போதே மல்டிமீட்டரால் பார்த்துவிட வேண்டும், தரவிலிருந்து அது தெரியாது. 60 முள் இணைப்பில் 18ஆம் முள் 53ஆம் முள்ளோடு தொடர்பிருந்தால் செங்குத்து, 54ஆம் முள்ளோடு என்றால் கிடை. இங்கே 18–53, செங்குத்து.

பலகை நின்டெண்டோவின் மாஸ்க் ரோமுக்காக அடித்ததாக இருந்து, அதில் ஈப்ரோம் ஏற்றியிருந்தால் சில கால்கள் மேலே மடக்கி, கம்பியால் வேறு துளைக்கு இழுக்கப்பட்டிருக்கும். 32 கால் வகையில் 2ஆம், 24ஆம் கால்கள் இடம் மாறுவது வழக்கமான அடையாளம். அந்தக் கம்பிகளை அறுக்கும் முன் எந்தக் கால் எந்தத் துளைக்கு என்று எழுதி வைக்காதவர்கள் பிறகு அழுவார்கள். இந்தப் பலகையில் கம்பி எதுவும் இல்லை, ஈப்ரோமுக்கென்றே அடித்த பலகை. திருட்டுப் பிரதி என்ற பக்கத்துக்கு முதல் புள்ளி.

கழற்றாமல் வாசிக்க முடியாதா?

முடியும். 60 முள் இணைப்புள்ள டம்பர் கருவி (கேசட்டின் தரவைக் கோப்பாக எடுப்பது) இருந்தால் கேசட்டை அப்படியே செருகி வாசிக்கலாம். ஆனால் யூஎன்ரோமில் ஒரு பொறி உண்டு. பேங்கை மாற்ற ரோம் முகவரிக்கே ஓர் எண்ணை எழுத வேண்டும், அந்த நேரம் ரோமும் தன் தரவை அதே கம்பிகளில் தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டும் மோதினால் பெரும்பாலும் 0 வெல்லும். 3ஆம் பேங்க் கேட்ட இடத்தில் ரோமில் 1 இருந்தால் வருவது 1ஆம் பேங்க் (இரும எண்ணில் 11உம் 01உம் மோதி 01). தீர்வு என்னவென்றால், முதலில் நிலையான கடைசி பேங்கை வாசித்து, அதில் 0 முதல் 6 வரை எண்கள் எந்த முகவரிகளில் கிடக்கின்றன என்று தேடி, ஒவ்வோர் எண்ணையும் அதே எண் கிடக்கும் முகவரிக்கே எழுதுவது. கோப்பில் இரண்டு பேங்குகள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் இந்த மோதலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இந்த முறையின் பெரிய குறை, சிப்புக்கு மட்டும் வோல்டைக் குறைக்க முடியாது என்பது. அது ஏன் தேவை என்பது கீழே வருகிறது. அதனால் இந்தச் சிப்பைக் கழற்றினோம்.

32 காலுக்கும் முதலில் புதிய 60/40 ஈயம் கொஞ்சம் சேர்த்து, 330 பாகை செல்சியஸில் உருக்கி, உறிஞ்சியால் எடுத்து, மீதியைச் செம்புப் பின்னலால் துடைத்தது. பழைய ஈயம் தனியாக உருக மறுக்கும், புதியது சேர்ந்தால் ஒரே மூச்சில் வரும். 16ஆம் கால் தரைக்குப் போகிறது. அகலமான செம்பு சூட்டை இழுத்துக்கொள்வதால் அதற்கு மட்டும் 360 பாகை. ஒவ்வொரு காலும் துளைக்குள் சாமணத்தால் அசைகிறதா என்று பார்த்த பிறகே தூக்க வேண்டும். ஒரு முனையில் ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பினால் பீங்கானின் இரண்டு பாதியையும் ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பூச்சு வெடிக்கும். ஈரம் உள்ளே போனால் சிப் முடிந்தது. இரு முனையிலும் மாறி மாறி அரை மில்லிமீட்டர் வீதம் தூக்கியது.

இங்கே ஒரு கொழும்புக் குறிப்பு. மூன்று துளைச் செருகியின் மேல் துளையில் பேனை மூடியைக் குத்தி, இரண்டு கால் பிளக்கைத் திணிப்பது நம் வீடுகளில் சகஜம். பற்றுகோலுக்கு அதைச் செய்யாதீர்கள். தரை இணைப்பில்லாத பற்றுகோலின் நுனியில் கசிவு மின்னழுத்தம் இருக்கும், அது நேரே சிப்பின் காலுக்குப் போகும். மூன்று கால் பிளக் உள்ள கோலாகவே பார்த்து வாங்குங்கள்.

முதல் வாசிப்பு: தோல்வி

டிஎல்866 வகை புரோகிராமரில் (சிப்பை வாசிக்கவும் எழுதவும் உள்ள கருவி) வைத்து வாசித்ததில் மூன்று வாசிப்புக்கும் மூன்று வேறு சிஆர்சி32 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்). வித்தியாசங்களைப் பார்த்தால் ஆயிரக்கணக்கான பைட்டுகள், ஆனால் எல்லாமே 8 கூடவோ குறையவோ. 8 என்றால் டி3 தரவுக் கோடு, 27சி010இல் அது 17ஆம் கால். ஒரே கோட்டில் மட்டும் பிழை என்றால் நினைவகம் கெடவில்லை, கால் தொடவில்லை.

கால்கள் கரியாய்க் கறுத்திருந்தன. வெள்ளிப் பூச்சுள்ள கால்கள் நம் கடற்கரைக் காற்றில் அப்படித்தான் ஆகும். வெள்ளை அழிறப்பரால் மேலிருந்து கீழாக மெல்லத் தேய்த்து, 99 விழுக்காடு ஐசோபுரோப்பில் அல்ககோலில் நனைத்த பஞ்சால் துடைத்தது. மண்காகிதம் வேண்டாம், பூச்சே போய்விடும். பாமசியில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் சரிவராது. அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருப்பதுண்டு, காய்ந்த பின் படலம் நிற்கும். 70 விழுக்காட்டு அல்ககோலில் மீதி தண்ணீர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் இலத்திரனியல் சாமான் கடைகளில் 99 என்று எழுதிய போத்தலாகக் கேளுங்கள்.

இதே வகையில் இன்னொன்று. கோப்பின் முதல் 64 கிலோபைட்டும் இரண்டாவது 64 கிலோபைட்டும் ஒன்றாக இருந்தால் 2ஆம் கால் தொடவில்லை என்று அர்த்தம். மேல் முகவரிக் கோடு அதுதான்.

ஆடும் பிட்டுகள்

துடைத்த பின் 5 வோல்டில் ஐந்து வாசிப்பு. இப்போது வித்தியாசம் 9 பைட்டில் மட்டும், அதுவும் வெவ்வேறு கோடுகளில், வெவ்வேறு முகவரிகளில். இது தொடர்புப் பிழை அல்ல, வயது.

ஈப்ரோம் கலத்தில் மின்னூட்டம் சிறைப்பட்டிருந்தால் அது 0. வெறுமையாக இருந்தால் 1. அழித்த சிப் முழுக்க 255 என்று வருவது அதனால்தான். ஆண்டுக்கணக்கில் மின்னூட்டம் கசியும்போது 0 மெல்ல 1 ஆகப் பார்க்கும். வெறும் கலத்தில் மின்னூட்டம் தானாக வந்து ஏறாது, ஆகவே முதுமையால் 1 ஒருபோதும் 0 ஆகாது. தொடர்பு சரியாக இருக்கும்போது ஒரு பிட் ஒருமுறை 0, ஒருமுறை 1 என்று ஆடினால், எழுதப்பட்டது 0.

ஒரு பிட்தானே என்று விடவும் முடியாது. இந்த இயந்திரத்தின் மொழியில் 76 என்றால் ‘இந்த முகவரிக்குப் போ’. அதில் ஒரு பிட் கசிந்தால் 108. அதன் பொருள் ‘இந்த முகவரியில் எழுதியிருக்கும் முகவரிக்குப் போ’. ஆட்டம் மூன்றாம் கட்டத்தில் உறைந்து நிற்கும், யாரோ ‘முடிக்கப்படாத மாதிரி, அதனால் உறைகிறது’ என்று எழுதிவைப்பார்கள்.

கலம் 0 என்று நிற்க, அதற்குள் இருக்கும் மின்னூட்டம் வாசிக்கும் மின்னழுத்தத்தைத் தாக்குப்பிடிக்க வேண்டும். மின்னூட்டம் குறைந்த கலத்துக்கு 5 வோல்ட் அதிகம். வோல்டைக் குறைத்தால் அதே கலம் மீண்டும் 0 என்று நிற்கும். அதற்கு ஓர் இடைச் சாக்கெட் செய்தோம்:

- 32 கால் சாக்கெட் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று. மேல் சாக்கெட்டின் 32ஆம், 1ஆம் கால்கள் வெட்டி, கீழே தொடாதபடி.
- கீழ் 32இலிருந்து மேல் 32க்கு ஒரு டயோட், கோடு உள்ள பக்கம் சிப் பக்கமாக. 1என்5819 என்றால் சிப்புக்கு ஏறத்தாழ 4.7 வோல்ட், 1என்4148 என்றால் ஏறத்தாழ 4.2.
- மேல் 32க்கும் 16க்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் பீங்கான் கெப்பாசிட்டர். இது இல்லாவிட்டால் வாசிப்பு கண்டபடி ஆடும்.
- மேல் 1ஆம் காலை மேல் 32ஆம் காலோடு கம்பியால் இணைப்பு.

கடைசி வரிதான் இதில் பெரிய பாதுகாப்பு. 1ஆம் கால் எழுதும் மின்னழுத்தத்துக்கானது. புரோகிராமரில் கை தவறி ‘எழுது’ பொத்தானை அமுக்கினால் ஏறத்தாழ 12.75 வோல்ட் அங்கே பாயும். கீழே வெட்டியிருப்பதால் அது சிப்பை அடையவே முடியாது. மென்பொருளில் காலைச் சோதிக்கும் தெரிவையும் சிப் அடையாளம் கேட்கும் தெரிவையும் அணைத்துவிடுங்கள். முதலாவது வெட்டிய காலைக் கண்டு சண்டை பிடிக்கும். இரண்டாவது 26ஆம் காலில் ஏறத்தாழ 12 வோல்டைக் கொடுத்துத்தான் அடையாளம் கேட்கிறது, முதிய சிப்புக்கு அந்த விசாரணை தேவையில்லை.

முடிவு: 4.7 வோல்டில் ஆடும் பைட் 3. 4.2 வோல்டில் ஐந்து வாசிப்பும் ஒரே சிஆர்சி. 5 வோல்ட் வாசிப்புகளோடு ஒப்பிட்டதில் மாறியவை அனைத்தும் 1 இலிருந்து 0 பக்கமாகவே. இரண்டு டயோட் தொடராகப் போட்டு 3.5 அளவுக்கு இறக்கியபோது பெரும் பகுதிகள் குப்பையாக வந்தன. அதற்குக் கீழே போவதில் பயனில்லை. வோல்ட் குறையக் குறைய சிப் பதில் சொல்லவும் தாமதமாகும், ஆகவே 4.5க்குக் கீழே எடுத்த ஒற்றை வாசிப்பை மட்டும் நம்பிவிடாதீர்கள். எத்தனை வோல்டில் இறக்கினாலும் பிட்டுகள் ஆடுவது நிற்காத சிப்பென்றால், நல்ல வாசிப்புகளை பிட் பிட்டாக ஏஎன்டி (எல்லா வாசிப்பிலும் 1 என்றால் மட்டும் 1) செய்து சேர்க்கலாம். ஆனால் கால்கள் சுத்தம் என்று உறுதியான பிறகு மட்டும். தொடர்புப் பிழையுள்ள வாசிப்பை ஏஎன்டியில் சேர்த்தால் பொய் 0 நிரந்தரமாகிவிடும்.

கோப்பு சரிதானா?

அளவு 131072 பைட். கடைசி 6 பைட்டில் இயந்திரம் தொடங்கும் முகவரிகள் இருக்க வேண்டும். நடு இரண்டில் இரண்டாவது பைட் 128க்குக் குறைவாக இருந்தால் ஏதோ பிழை, முகவரியின் மேல் பைட் 128இலிருந்துதான் ரோம் தொடங்கும். இங்கே 192க்கு மேல், அதாவது நிலையான பேங்குக்குள். சரி.

எமுலேட்டரில் (டிவி கேம் இயந்திரத்தைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருள்) ஓட்டுவதற்கு, கோப்பின் முன்னால் 16 பைட் தலைப்பு ஒட்ட வேண்டும். தசமத்தில் 78, 69, 83, 26, 8, 0, 33, பிறகு ஒன்பது பூச்சியம். 8 என்பது பேங்குகள். 33 என்பது யூஎன்ரோமும் செங்குத்தும் சேர்ந்தது, கிடை என்றால் 32. அறியப்பட்ட ஆட்டங்களின் பட்டியல்களோடு ஒப்பிடும் சிஆர்சியும் ஷா-1உம் (இன்னொரு, நீளமான அடையாள எண்) இந்தத் தலைப்பு இல்லாத கோப்புக்கு எடுக்க வேண்டும். ‘எங்கும் இல்லாத அபூர்வ ஆட்டம்’ என்ற கூச்சல்களில் சில, தலைப்போடு கணக்கிட்ட சிஆர்சியால் வந்தவை.

நம் கோப்பின் சிஆர்சி பட்டியல்களில் இல்லை. ஓட்டினால், கடைக்கு வந்த ஓர் ஆட்டம்தான். இங்கேதான் நிதானம் வேண்டும். அந்த ஆட்டத்தின் அறியப்பட்ட கோப்போடு விண்டோஸின் எஃப்சி கட்டளையால் பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசங்கள் அங்கொன்றும் இங்கொன்றும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிட், எல்லாமே 0 இலிருந்து 1 என்றால் அது வெறும் கசிவு, புதுப் பதிப்பு அல்ல. ஒரே பிட் கோட்டில் என்றால் கறுத்த கால். தொடர்ச்சியாக நூற்றுக்கணக்கான பைட் இடம் நகர்ந்திருந்தால், நிரலில் ஏதோ சேர்த்து அல்லது நீக்கித் திரும்பத் தொகுத்திருக்கிறார்கள். அதுதான் உண்மையான வேறு பதிப்பு, அதுதான் தேடுவது. காலி இடங்களையும் பாருங்கள். விற்பனைச் சிப்பில் 255ஓ 0ஓ நிரம்பியிருக்கும் இடத்தில், மாதிரியில் சிலவேளை நிரலாளரின் கணினியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த மூல நிரல் துண்டுகள் கிடக்கும்.

இந்தப் பலகையில் வித்தியாசம் இரண்டே இடத்தில். ஒன்று தலைப்புத் திரையின் படக் கட்டங்கள்: நிறுவனப் பெயரும் காப்புரிமை வரியும் இருந்த கட்டங்கள் முழுக்கப் பூச்சியம். மற்றது அவற்றைத் திரையில் அடுக்கும் பட்டியலில் சில பைட். எதுவும் நகரவில்லை. முடிந்த ஆட்டத்தை எடுத்து, பெயரை மட்டும் வெள்ளையடித்திருக்கிறார்கள். திருட்டுப் பிரதி. லேபலின் ‘2’ தொகுப்பு எண்ணாக இருக்கலாம். வேலை வீணில்லை. இந்த வெள்ளையடிப்பு வகையும் பட்டியலில் இல்லாததுதான், எந்தக் கேசட்டுகள் இங்கே ஓடின என்பதற்கு அதுவும் ஒரு தடயம்.

மூடுதல்

பலகையில் பழைய இடத்தில் சாக்கெட் பற்றியாயிற்று. அதில் ஏறுவது அசல் அல்ல, பிரதி: எஸ்எஸ்டி39எஸ்எஃப்010ஏ ஃபிளாஷ் சிப். கால் அமைப்பு ஒத்துப்போகும். 31ஆம் கால் பலகையில் 5 வோல்டோடு இணைந்திருக்கிறதா என்று மட்டும் முன்பே பாருங்கள், ஃபிளாஷில் அது எழுதும் கால். அசல் சிப்பை மலிவு டிவி கேம் பெட்டியில் செருகிப் பார்க்கும் ஆசை வேண்டாம். அந்த அடப்டர்களின் வோல்டும் முனையும் ஆளுக்கு ஆள் மாறும். பிரதி அந்தப் பெட்டியில் ஓடும்போது படம் துடித்தாலோ இசை வேகம் மாறினாலோ வாசிப்பைக் குறை சொல்லாதீர்கள். நம் ஊர்ப் பெட்டிகள் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் 50 ஹேர்ட்ஸ், ஆட்டம் எழுதப்பட்டது ஜப்பானிய 60 ஹேர்ட்ஸுக்கு.

அசல் சிப் நிலைமின் தடுப்புப் பையில், ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்லோடு, மூடி இறுகும் டப்பாவில். பழைய கறுப்பு ஸ்பொஞ்சில் குத்தி வைக்கவில்லை. அது உதிரும்போது அமிலம் விட்டுக் கால்களை அரிக்கும். ஜெல் நிறம் மாறினால் ஓவனில் 120 பாகையில் இரண்டு மணி நேரம். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். டப்பாவுக்குள் ஒரு துண்டுக் கடதாசி: ஷா-1, வாசித்த வோல்ட், திகதி, லேபலில் கண்டது. பென்சிலால் எழுதியது, இந்த ஈரத்தில் பேனை மை ஊறிவிடும்.